துணி பத்தல

ஜாக்கெட் துணியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கிற தோரணையிலேயே ஆளை எடை போட்டுவிடுவாள் மெஹர் பானு. சேலையூர் கேம்ப் ரோட்டில் வருஷக்கணக்காகத் தையல் கடை வைத்திருக்கிறவளுக்கு, வந்து நிற்கிற பெண்களில் ஒருத்தி மீதும் மரியாதை கிடையாது. ஒரு மீட்டர் துணியைக் கொடுத்துவிட்டு, முழங்கை வரை கை, முதுகில் முடிச்சு, ஓரத்தில் பைப்பிங், போதாததற்கு இரண்டு குஞ்சம் என்று போனை நீட்டிப் படம் காட்டுவார்கள். வீட்டில் கண்ணாடியே கிடையாதா இவளுக்கு என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். வாயால் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"துணி பத்தல."

அதை எதிர்த்து யாரும் பேசியதில்லை. பேங்கில் கட்டுக் கட்டாகப் பணம் எண்ணுகிறவளும் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவளும் அந்த மேசைக்கு முன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். "சரி, கையைக் கொஞ்சம் குறைச்சிடுங்க" என்று தாங்களாகவே இறங்கி வருவார்கள். குறைத்த கை மேசைக்கு அடியில் இருக்கும் கோணிப்பைக்குள் போய்விடும். இதற்குப் பெயர் திருட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் மெஹர் பானு நிஜமாகவே ஆச்சரியப்பட்டிருப்பாள். அது அவள் கைக்குப் பழகிய வேலை, அவ்வளவுதான்.

வாடிக்கைக்காரிகளிடம் அவளுக்கு இருந்தது இளக்காரம் என்றால், சம்பந்தி ஆஃபியாவிடம் இருந்தது சுத்தமான வெறுப்பு. பல்லாவரத்தில் மூன்று மாடி வீடு, வாசலில் கார், வாயில் விஷம். மகள் ஃபஹீமாவின் நிக்காஹ் அன்று, மெஹர் பானு தைத்த ஒயின் கலர் பட்டு லெஹங்காவில் கை மட்டும் தங்க நிற வலைத்துணியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, மண்டபமே கேட்க, "கல்யாணப் பொண்ணுக்கே துணி பத்தலையா?" என்று சிரித்தவள் அவள். அன்றிலிருந்து பல்லாவரத்தில் மெஹர் பானுவின் குடும்பத்துக்குப் பெயரே 'துணி பத்தாத வீடு'தான். தன் முதல் சம்பளத்தில் ஆசைப்பட்டு வாங்கிய துணி என்பதால் ஃபஹீமாவுக்குத்தான் வலி அதிகம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் தாயை விட்டுக்கொடுக்காமல், "கடைசி பீஸ் மாமி, கடைல அவ்ளோதான் இருந்துச்சு, அம்மா என்ன பண்ணுவாங்க" என்று பேசுவாள். இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது ஃபஹீமாவுக்குத் தாய்வீட்டில் ஆண் குழந்தை பிறந்து நாற்பது நாள் முடியப்போகிறது. குழந்தையையும் தாயையும் கூட்டிப்போக ஆஃபியா வருகிறாள். இந்தத் தடவை அந்த வாயை அடைத்தே தீருவது என்று மெஹர் பானு முடிவு கட்டினாள். கோணிப்பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஃபஹீமா மாடி வீட்டில் பச்சை உடம்போடு படுத்திருக்க, இவள் கீழே கடையில் உட்கார்ந்து சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டி, நடுவில் பழைய பருத்திப் புடவைகளை வைத்துத் தைத்து ஒட்டுப் போர்வை ஒன்றைச் செய்து முடித்தாள். கூடத்தை அடைக்கிற அளவுக்கு வந்தது.

"கைக்குழந்தைக்கு எதுக்கு இம்மாம் பெருசு?" என்று கேட்டார் கணவர் சௌகத் அலி.

"குழந்தைக்கு இல்ல. அவ பாக்கறதுக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறையப் பெண்கள். பக்கத்துத் தெரு தபீதாள் டீச்சர், பேங்க் சாமுண்டீஸ்வரி என்று வாடிக்கைக்காரிகளையும் அழைத்திருந்தாள், சம்பந்தியின் முகம் தொங்குவதைப் பார்க்க ஆள் வேண்டுமே. பிரியாணிக்கு முன்னால் போர்வையை எடுத்து வந்து ஒரே உதறாக உதறி விரித்தாள். ஆஃபியா தன்னை மறந்து குனிந்து தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"வாங்கறதா? எல்லாம் நம்ம கடைல மிஞ்சினது சம்பந்தி. எங்க வீட்ல துணிக்கு மட்டும் பஞ்சமே கிடையாது."

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"மிஞ்சினதா?" என்றார் தபீதாள் டீச்சர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுவிலிருந்த நீலத் துண்டின்மேல் விரலை வைத்தார். நீலத்தில் சின்னச் சின்னப் படகுகள். "இது என் மகன் டெனிஸ் கொழும்புலருந்து எனக்கு எடுத்துட்டு வந்தது. என் கைல இருக்கற தீக்காயம் தெரியாம முழங்கை வரைக்கும் வைம்மான்னு கேட்டேன். பத்தலைன்னு சொன்னியே மெஹர்."

குரலில் கோபமே இல்லை. காப்பியடித்துப் பிடிபட்டவனின் மார்க்கைப் படிக்கிற குரல் அது. சொல்லிவிட்டு, பழக்கத்தில் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். சாமுண்டீஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் மாம்பழக் கலரு!" அடுத்தவள் மண்டியிட்டாள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் போர்வையைச் சூழ்ந்துகொண்டு, ஆளுக்கொரு பக்கமாகத் தங்கள் துணியைத் தேட ஆரம்பித்தார்கள். கோபத்தைவிடக் குஷிதான் அதிகம். குழந்தையைப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தியும் குழந்தைப் பக்கம் திரும்பவில்லை. அல்பங்கள், என்று மெஹர் பானு பல்லைக் கடித்தாள். சாண் துணிக்கு இந்தப் பாடா. அப்போதும் அவளுக்கு அவர்கள்மேல்தான் எரிச்சல் வந்தது, தன்மேல் வரவில்லை.

"நானும் ஒரு பச்சைப் பட்டு குடுத்தேனே, அது இருக்கான்னு பாருங்க" என்று கடைசியாக ஆஃபியாவும் முட்டி போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

குழந்தையோடு சுவர் ஓரமாக நின்றிருந்த ஃபஹீமாவின் கண் போர்வையின் தலைமாட்டு மூலையில் நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தாள். மெஹர் பானு அந்தப் பார்வையின் வழியே போய் மூலையைப் பார்த்தாள். ஒயின் கலர் பட்டு, சின்னச் சின்ன ஜரிகை மொட்டு. நான்கு சதுரங்களைச் சேர்த்து, மற்ற எல்லாவற்றையும்விட அழகாக, ஒரு பூவாகத் தைத்திருந்தாள். எந்தத் துணி, யாருடையது என்று தைக்கும்போது யோசிக்கவே இல்லை. வெட்டும்போதும் யோசித்திருக்கமாட்டாள். அந்தக் கைக்கு மகளும் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான்.

ஆஃபியாவின் விரல்கள் ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டு அந்த மூலையை நோக்கி நகர்ந்தன. இன்னும் இரண்டு சாண்தான். ஃபஹீமா விடுவிடுவென்று வந்து, தூங்குகிற குழந்தையைச் சரியாக அந்தப் பூவின்மேல் படுக்க வைத்தாள்.

"இழுக்காதீங்க மாமி. இப்பதான் தூங்கினான்."

ஆஃபியா கையை எடுத்துக்கொண்டாள். பச்சைப் பட்டு கிடைக்காத ஏமாற்றத்தோடு பிரியாணிக்குப் போனாள். தபீதாள் டீச்சர் மட்டும் சாப்பிடாமல், குழந்தை கையில் ஒரு நோட்டைத் திணித்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் பெட்டிகள் கீழே இறங்கின. மெஹர் பானு போர்வையை மடித்து மகளிடம் நீட்டினாள்.

"உன் புள்ளைக்குன்னுதான் அந்தத் துணியை எடுத்து வச்சேன்."

"பொய் சொல்லாதம்மா. அது அங்க இருக்கறதே உனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

மெஹர் பானு போர்வையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"ரெண்டு வருஷம், அந்த வீட்ல, உனக்காகப் பேசினேன்" என்றாள் ஃபஹீமா. குழந்தையைத் தூக்கித் தன் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டாள்.

கீழே கார் ஹாரன் அடித்தது. படியின் அடியிலிருந்து ஆஃபியாவின் குரல் வந்தது.

"ஃபஹீமா, அந்தப் போர்வையை எடுத்துக்கலையா?"

ஃபஹீமா அம்மாவின் கையில் இருந்த அத்தனை பெரிய மூட்டையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கீழே கேட்கும்படி பதில் சொன்னாள்.

"இல்ல மாமி. குழந்தைக்குப் பத்தல."