கம்பிவேலியைத் தாண்டிய சொதி

சந்திரா தண்ணீரையும் அடிப்பிடிக்க வைப்பாள் என்பது ஐயாவின் பேச்சு. சந்திரா நான்தான்; பெற்ற அப்பாவைத்தான் நாங்கள் ஐயா என்போம். ஒருதரம் சொல்லிவிட்டு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். என் கலியாணப் பந்தலில், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலேயே சொன்னார். பிறகு கிளேபாங்கில் அக்கா வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். ஐயா அம்பிகைபாகன் பென்ஷன் வாங்கிய அரசாங்கக் கிளார்க். அவருக்குப் பொழுது போகவேண்டும், அதற்கு நான் அகப்பட்டேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயது. அக்கா கிருஷ்ணவேணி பதினாலு வயதில் அடுப்படியைக் கைப்பற்றினாள். அன்றிலிருந்து வேறு ஒருவரையும் உள்ளே விட்டதில்லை. நான் படித்தேன். இரண்டு வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். 1951இல் லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர், விஜயரட்ணத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். அதுவரை ஒரு பிடி அரிசி களைந்தவள் இல்லை.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் அது; தோட்டத்துக் குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். எங்களுக்குச் சமைத்துப்போட்ட ஆள் அதைப் பார்த்ததும் பயந்து ஊரைவிட்டே போய்விட்டார். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பழகியிருக்கலாம். கிராணியம்மாவுக்குச் சோறாக்கத் தெரியாதாம் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். வீம்புதான். இல்லை என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய ஒரு கொப்பியும் சிவப்புப் பென்சிலும் என்னிடம் இருந்தன. ஒவ்வொரு நாளும் என்ன சமைத்தேன், எப்படிச் சமைத்தேன் என்று எழுதி, எனக்கு நானே புள்ளி போட்டேன். முதல் நாள் எழுதியது இப்போதும் நினைவிருக்கிறது: சோறு, பத்துக்கு ஒன்று. மேலே அரிசி, நடுவில் கஞ்சி, அடியில் கரி. அந்த ஒரு புள்ளியும் அடுப்பு மூட்டியதற்கு.

இவர் பாவம், போட்டதைச் சாப்பிட்டார். கடையில் சார்டின் டின் வாங்கினால், காட்டுக்குள் இருக்கிற ஆட்களுக்குக் கடத்திவிடுவோம் என்று, ஓட்டை போட்டுத்தான் கையில் தருவார்கள். அன்றைக்கே ஆக்கியாகவேண்டும், நாளைக்கு என்று தள்ள முடியாது. அந்தப் புண்ணியத்தில் சார்டின் குழம்பு ஒரே மாதத்தில் கைவந்தது. பருப்பு வந்தது, கீரை வந்தது, கத்தரிக்காய்ப் பால்கறியும் வந்தது. தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி மட்டும் வரவில்லை. ஐயாவுக்குச் சொதி இல்லாத சோறு சோறே இல்லை.

என் சொதி நாலு தடவை திரிந்தது. தேங்காயை மாற்றினேன். அடுத்த தடவை சட்டியை மாற்றினேன். பிறகு உப்பைக் கடைசியில் போட்டேன். எதை மாற்றினாலும் பால் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கமாகப் பிரிந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. ஐந்தாம் தடவை, புளிக்குத் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, வெட்டிக் கையில் எடுத்த நேரம் இவர் வாசலில் நின்று கூப்பிட்டார். சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய், அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்துவிட்டு வந்து புளி விட்டேன். திரியவில்லை. அடுப்பில் இருக்கும்போது புளி விடக்கூடாது, அவ்வளவுதான் சங்கதி. அடுப்படியில் தனியாக நின்று கைதட்டினேன். பத்துக்கு ஒன்பது.

சொதி வைத்துவிட்டேன் என்று உடனே ஐயாவுக்குக் கடிதம் எழுதினேன். அதை அவர் அண்டை வீட்டாருக்கெல்லாம் வாசித்துக் காட்டினாராம். சிரித்த சிரிப்பில் கட்டுப்பல் கழன்று மடியில் விழுந்ததாம். அக்கா மறக்காமல் எழுதியிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தாலேயே அடுப்பு மூட்டினேன். என் கையால் ஐயா ஒரு நேரம் வயிறாரச் சாப்பிடவேண்டும், அந்தப் பேச்சு அன்றோடு நிற்கவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ரோட்டில் சுடுகிறார்கள் என்று அக்கா அவரைத் தோட்டத்துக்கு அனுப்பமாட்டாள். ஆகவே சாப்பாடுதான் அவரிடம் போகவேண்டும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் கிளேபாங்குக்குப் போவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை விடியவே எழுந்து சமைத்து டிபன் கேரியரில் அடுக்கினேன். வேலிக்குள்ளிருந்து ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது என்பது சட்டம்; ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள்கூட வெறும் வயிற்றோடுதான் கேட்டைத் தாண்டவேண்டும். இவர் படித்துப் படித்துச் சொன்னார். கிராணி வீட்டுப் பாத்திரத்தை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு நல்ல பாடம் கிடைத்தது.

கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் சுப்பம்மா. கேரியரைத் திறந்தாள். சொதி வாசம் வந்ததும் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு மூடியைப் போட்டாள்.

"இது போவாதும்மா. சீனியே போவாது, சோறு எப்பிடிப் போவும்? எனக்கு வேல போயிரும்லா."

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். அவர்கள் தினமும் பசியோடு தாண்டுகிற கேட் அது. வேலிக்கு உள்ளேயே நீங்கள் சாப்பிடுங்கள் என்று கேரியரை அவளிடம் கொடுத்தேன். அவள் என் கைப்பையைப் பார்த்தாள், சேலை மடிப்பைத் தடவினாள், ஒன்றும் இல்லை என்று கான்ஸ்டபிளிடம் தலையாட்டினாள். வெறுங்கையோடு பஸ் ஏறினேன். பஸ் மஸ்ஜித் தானா டவுனைத் தாண்டும் வரைக்கும் அழுகையை அடக்கிக்கொண்டே வந்தேன்.

கிளேபாங்கில் ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தார். வெறுங்கையைப் பார்த்தார். கேட்டில் பறித்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"நல்ல சாட்டு, பிள்ளை," என்றார், நான் பொய்க் காரணம் சொல்கிறேன் என்று. "மூண்டாம் வகுப்புப் பெடியள்கூட இதைவிட நல்ல சாட்டுச் சொல்லுவாங்கள்."

எனக்குச் சுறுக்கென்று வந்தது. நேரே அடுப்படிக்குப் போனேன். அக்கா கத்தரிக்காயைக் கையில் எடுத்திருந்தாள். களைத்து வந்திருக்கிறாய், போய் இரு என்றாள். கத்தரிக்காயை அவள் கையிலிருந்து வாங்கி, தோளைப் பிடித்து வெளியே விட்டு, அரைக்கதவைச் சாத்தினேன். இருபது வருடத்தில் அக்காவின் அடுப்படிக்கு நடந்த முதல் ஆக்கிரமிப்பு அதுதான்.

சாத்திய பிறகுதான் பயம் வந்தது. கொப்பி வீட்டில். என் அடுப்பு விறகடுப்பு. இது மண்ணெண்ணெய் அடுப்பு, திரியை எவ்வளவு ஏற்றுவது என்றுகூடத் தெரியாது. சட்டி புதிது, கரண்டி புதிது. ஆனால் தேங்காயைத் துருவத் தொடங்கியதும் கை தன்பாட்டில் போயிற்று. சோறு கொதிக்கிற சத்தம் எங்கும் ஒரே சத்தம்தானே. கத்தரிக்காய் வதங்கும் வாசம் கிளேபாங்குக்கு ஒன்று, லூபோக் சீனாவுக்கு ஒன்று என்று இல்லை. சுப்பம்மா எவ்வளவு தடவியும் அகப்படாத ஒன்றைத்தான் நான் கொண்டு வந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குப் பாட்டே வந்துவிட்டது.

கதவுக்கு மேலால் அக்காவின் தலை மூன்று தடவை எட்டிப் பார்த்தது. தண்ணிப்பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்து, முதற்பால் விட்டு நுரை கட்டும்போது அவளால் பொறுக்க முடியவில்லை.

"தேசிக்காய்ப் புளி விடேல்லையோ?"

"இறக்கினாப் பிறகு, அக்கா."

அக்கா தலையை இழுத்துக்கொண்டாள். போய் ஐயாவுக்குத் தட்டு வைத்தாள்.

ஐயா முதல் கவளத்தைப் பரீட்சைத்தாள் திருத்துகிறவர்போல மெல்ல மென்றார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதிலிருந்து வேகம் பிடித்தார். கத்தரிக்காய் முடிந்தது. பருப்பு முடிந்தது. சொதியை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, கோப்பையில் தனியாகவும் வாங்கிக் குடித்தார். தண்ணீரைப் பற்றியும் அடிப்பிடிப்பதைப் பற்றியும் ஒரு சொல் வரவில்லை. அக்கா என் முதுகில் கை வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஐயா தட்டை விரலால் வழித்தார். என் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"வாற மாசமும் கேட்டிலை பறிப்பாங்களோ?"

"பறிப்பாங்கள் ஐயா."

"பறிக்கட்டும்," என்று கோப்பையை மறுபடி நீட்டினார்.