கல்லீரல் ஓரத்தில் ஒரு புள்ளி

ஊரார் வீட்டுக் குழாய் அடைப்பையெல்லாம் எடுத்துவிடுகிற மனிதருக்குப் பித்தக் குழாயில் அடைப்பு வந்தது. கண்ணும் தோலும் மஞ்சளாகிப் போய்ப் பார்த்தபோது புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை, அதன் பிறகு ஆறு மாதம் மருந்து. "சொந்தக் குழாயைக் கவனிக்காம விட்டுட்டீங்களே மாமா!" என்று மைத்துனன் சொன்னபோது, தையல் இழுக்க இழுக்கச் சிரித்தார் குழாய்க்காரர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற ஸ்கேன்தான் அவருக்குச் சிரிப்பு வராத விஷயம். தேதி நெருங்கினாலே மனைவிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவள் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், ஐந்தாவது ஸ்கேனுக்கு அவர் ஒரு பொய் சொன்னார். "அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க." அன்று காலை சாப்பிடாமல், வேலைக்குப் போகிறவர்போலக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு வீட்டில் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், ஸ்கேன் அறை வாசலில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து என் போனுக்குத்தான் கூப்பிட்டாங்க. வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க" என்றாள். "நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான்..."

"ரொம்ப நல்லாருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கையில் ஊசி வழியே மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் வெந்நீர் ஓடியது போலிருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது இயந்திரம். பிடித்தார்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கல்லீரல் ஓரத்துல ஒரு சின்னப் புள்ளி. போன தடவை இல்லை. இடையில காய்ச்சல், குளிர் ஏதாவது வந்துச்சா?"

"அப்படி எதுவும் இல்லைங்க" என்றாள் மனைவி சட்டென்று.

குழாய்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "வந்துச்சுங்க. மூணு வாரம் இருக்கும். வேலை செஞ்ச இடத்துல வெடவெடன்னு நடுங்கிப் போச்சு. மாத்திரை போட்டுக்கிட்டேன். வீட்டுல சொல்லலை."

மனைவி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் திட்டியிருந்தாலே தேவலை.

"அப்பவே வந்திருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கிருமி ஏறி இப்படிக் கட்டி வர்றது உண்டு. நோய் திரும்பியிருக்கவும் கூடும், அதை மறைக்கமாட்டேன். மருந்து தர்றேன். ஆறு வாரத்துல மறுபடி எடுப்போம். கரையலைன்னா சதை எடுத்துப் பரிசோதிக்கணும்."

அந்த ஆறு வாரமும் அவள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துக் குறித்தாள். ஒருநாள் அவரே முதுகு குளிர்கிறது என்று எழுந்து வந்து சொன்னார். பார்த்தால், ஜன்னல் திறந்திருந்தது. அன்றுதான் அவள் பழையபடி அவரோடு பேச ஆரம்பித்தாள்.

புதுப் படத்தில் புள்ளி இல்லை. "கிருமிதான். கரைஞ்சுடுச்சு" என்றார் டாக்டரம்மா. "மூணு மாசம் கழிச்சு வாங்க."

பேருந்து நிறுத்தத்தில் மனைவி உடைந்து அழுதாள். இத்தனை நாளில் அவர் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அவர் 'அழாதே' என்று சொல்லவில்லை. அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருந்துகள் வந்து, நின்று, போயின.