முப்பது நாள் இருக்கும்

எங்கள் கிடங்கில் கேமரா அறை என்றதும் ஏதோ பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். துடைப்பம் போட்டு வைத்திருந்த அறை. ஒரு மேசை, நான்கு திரை, மூலையில் ரெக்கார்டர், எதிரே நான். பதிவுகள் முப்பது நாள் இருக்கும். பிறகு பழசு தானாக அழிந்து புதுசு ஏறும். இந்த ஒரு கணக்கை நம்பித்தான் நான் கெட்டேன்.

என் தங்கை புருஷன் இங்கேதான் தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். இருபத்தேழு நாளைக்கு முன்னால், சரக்கு லிஃப்டின் கதவு திறந்திருக்க, உள்ளே லிஃப்ட் நிற்கிறது என்று நம்பிக் கால் வைத்தான். மூன்று மாடி ஆழம்; அங்கேயே உயிர் போய்விட்டது. "குடிச்சுட்டு வந்து விழுந்துட்டான்" என்று மேனேஜர் எழுதிவிட்டார். அடப்பாவி! டீயைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத மனுஷன் அவன்.

அன்று சாயங்காலமே பதிவைப் போட்டுப் பார்த்தேன். 'லிஃப்ட் பழுது' பலகையை மேனேஜர் தன் கையாலேயே கழற்றிச் சுவரோரம் திருப்பி வைக்கிறார். பத்து நிமிடம் கழித்து மாப்பிள்ளை வண்டியோடு வருகிறான். பதிவைச் சும்மா பார்த்தால் எங்கேயும் பதியாது. நகல் எடுத்தால் என் பெயரோடு பதியும், அதை மேனேஜர் வாராவாரம் பார்ப்பார். அதனால் தங்கையிடம் மட்டும் சொன்னேன்.

"நான் கண்ணால பார்த்தேன்மா. முப்பது நாள் பத்திரமா இருக்கும். வக்கீல்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா. லெட்டர் வந்தா நான் எடுத்துக் குடுத்துத்தான் ஆகணும், யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது."

பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

மறுவாரமே மேனேஜர் ஆறு புதுக் கேமரா வாங்கி வந்தார். "முகம் பளிச்சுனு தெரியணும்பா. தரத்தை உச்சத்துல வை. நம்ம ஆளுங்க பாதுகாப்பு முக்கியமில்லையா?" என்று தோளில் தட்டிக் கொடுத்தார். நானே ஏணி போட்டு மாட்டினேன்.

இன்று காலை தங்கை கடிதத்தோடு வந்தாள். மேனேஜர் அவளைக் கேமரா அறைக்கே அழைத்து வந்தார். "தாராளமா எடுத்துக் குடுப்பா" என்றார். அந்தத் தாராளத்திலேயே எனக்குத் திக்கென்றது.

தேதியைத் தேடினேன். இல்லை. பன்னிரண்டு நாளைக்கு முந்தைய எதுவுமே இல்லை. திரையில் முப்பது நாள் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் ரெக்கார்டருக்குள் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் டிஸ்க் அதே பழைய டிஸ்க். புதுக் கேமராக்கள் இடத்தையெல்லாம் தின்றுவிட, ரெக்கார்டர் முப்பது நாள் காத்திருக்காமல் பழசை அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. என் மரமண்டைக்கு இது எட்டவில்லை. மேனேஜருக்கு எட்டியிருக்கிறது.

"அச்சச்சோ, அழிஞ்சிடுச்சா?" அவர் அறைக் கதவைச் சாத்தினார். "போகட்டும். அதுக்கு முன்னாடி யாராவது பார்த்தாங்களா?"

குரலில் கோபமே இல்லை. வீட்டில் என் இரண்டு பிள்ளைகளின் முகம் கண்முன் வந்தது.

"யாரும் பாக்கல சார்."

தங்கை என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பொய் சொல்லாதேண்ணா! கண்ணால பார்த்தேன்னு எங்கிட்ட சொன்னியே!"

மேனேஜர் கடிதத்தை மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நீ வெளிய போய் உக்காரும்மா," என்றார். "நான் உங்க அண்ணன்கிட்ட கொஞ்சம் பேசணும்."