இருபது இறாத்தல் ஸ்பிரிங்

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், சுவிற்சர்லாந்தின் கூர் நகரப் பிஸ்டல் கிளப்பின் முதலாவது தமிழ் உறுப்பினரும், சுவிஸ் கடவுச்சீட்டுக் கிடைத்த கையோடு துப்பாக்கி அனுமதியும் எடுத்தவருமாகிய திருவாளர் அருட்பிரகாசம் அவர்கள், தமது பிஸ்டலில் கொம்பனி போட்டுவிட்ட ஸ்பிரிங்கை மாற்றுவதா விடுவதா என்னும் பெருங்கேள்வியில் ஆழ்ந்திருக்கிறார். சுற்றியுள்ள மலைகள் அசையாமல் நின்று முடிவுக்காகக் காத்திருக்கின்றன.

மலைகளைத் தவிர வேறு எவரும் காத்திருக்கவில்லை. மனைவி இமெல்டா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இருக்கிற ஸ்பிரிங்குக்கு என்ன வந்தது?”

“ஒண்டும் வரேல்லை.”

“பிறகேன் மாத்திறியள்? அங்கை வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை நீங்கள் சந்தா கட்டி வெடி வைக்கிறியள். அதுக்குள்ளை ஸ்பிரிங்கும் வேணுமாம்.”

ஏன் என்பதற்கான பதில் பிஸ்டலுக்குள் இல்லை. சிவானந்தராசாவிடம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நோயாளரின் கட்டில் தள்ளுகிற அருட்பிரகாசம், கிளப்பில் பல வருடம் ஒரேயொரு தமிழராக வாழ்ந்தவர். விருந்தாளிகள் வந்தால் தலைவர் அவருடைய தோளில் கைபோட்டு, “இவர் எங்கள் தமிழர்” என்று காட்டுவார். அந்தக் கையின் பாரம் அவருக்குப் பொன்னாடை மாதிரி. ஆனால் தன் திறமையைக் கண்டு வியக்கச் சொந்த இனத்தில் ஒருவர் இல்லையே என்ற குறை இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மட்டக்களப்புக்காரரான ஹோட்டல் சமையல்காரர் சிவானந்தராசாவைக் கூட்டிவந்தார்.

முதல் வருடம் சிவானந்தராசாவின் குண்டுகள் இலக்கு அட்டையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயின. அந்த நாட்களில் அவரைப்போல ஒரு தங்கமான மனிதர் கூரில் இருக்கவில்லை. அருட்பிரகாசம் அவருக்குப் பிடி சொல்லிக்கொடுத்தார், மூச்சு சொல்லிக்கொடுத்தார், கோப்பியும் வாங்கிக்கொடுத்தார்.

இந்த ஜூன் மாதத்திலிருந்து குண்டுகள் நடுக் கறுப்புக்குள் விழத் தொடங்கின. தலைவரின் கை அடுத்த தோளுக்கு இடம்பெயர்ந்தது.

“என்ன, இப்ப கொஞ்சம் படுகுது போலை?” என்று ஒருநாள் பட்டும் படாமலும் கேட்டார் அருட்பிரகாசம்.

சிவானந்தராசா கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தார். “ஸ்பிரிங்க மாத்திட்டன் அண்ணன். பதினெட்டு இறாத்தல்.”

ஸ்பிரிங் என்றது, ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் ஓடுகிற பிஸ்டலின் மேற்பாகத்தைத் திரும்ப முன்னுக்குத் தள்ளிவிடுகிற சுருள். கொம்பனி போடுவது பதினாறு இறாத்தல். அன்றிலிருந்து அருட்பிரகாசத்துக்குச் சோறு இறங்கவில்லை. செப்டெம்பரில் மாநிலப் போட்டிக்கான கிளப் அணியில் ஒரு இடம் காலியாகிறது. அந்த இடத்தில் தன்னால் கூட்டிவரப்பட்டவன் நிற்பதா?

துப்பாக்கிக் கடைக்காரர் பிஸ்டலைக் கழற்றிப் பார்த்தார். ஸ்பிரிங் புதிதுபோல இருக்கிறது, அப்படியே விடுங்கள் என்றார். கிளப் கொடுக்கும் தோட்டா மெதுவானது. ஸ்பிரிங் பலமானால் மேற்பாகம் முழுதாகப் பின்னால் போகாது, சிக்கும் என்றும் சொன்னார்.

நியாயமான பேச்சுத்தான். ஆனால் நம்மவர்களுக்கு இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் ஐம்பத்தைந்து அங்குல டீவி வாங்கினால் நாம் அறுபத்தைந்து. அவன் மகளுக்குப் பத்துப் பவுணில் சங்கிலி என்றால் நம்மவளுக்குப் பன்னிரண்டு. அருட்பிரகாசம் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

“இருபது இறாத்தல் இருக்கோ?”

இருந்தது.

புது ஸ்பிரிங்கோடு அவர் ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்கவில்லை. கிளப்பில் சுட்டால் சிவானந்தராசா கண்டுவிடுவார், கண்டால் இருபத்திரண்டு போடுவார் என்று பயம்.

தேர்வு நாள் வந்தது. ஒவ்வொருவரும் குறித்த நேரத்துக்குள் ஐந்து வெடி வைக்க வேண்டும். முதல் வெடி நடுவில் போய்க் குந்தியது. அருட்பிரகாசம் ஓரக்கண்ணால் அடுத்து நின்றவரைப் பார்த்தார். அவர் எதிர்பார்த்த பொறாமை அங்கே இல்லை. சிவானந்தராசா தன் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வெடியில் மேற்பாகம் பாதிவழி போய் மனம் மாறித் திரும்பிற்று. வெற்றுத் தோட்டாக் கோது அதன் வாயில் சுருட்டு மாதிரிச் செங்குத்தாக நின்றது. தட்டி எடுத்தார். மூன்றாவதும் அப்படியே. நான்காவதற்கு முன் மணி அடித்துவிட்டது.

அணியில் இடம் சிவானந்தராசாவுக்கு. தலைவர் அவருடைய இரண்டு தோளிலும் கை போட்டார்.

“என்னண்ணன், எத்தின இறாத்தல் போட்டீங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்தார் சிவானந்தராசா.

“பதினாறுதான்” என்றார் அருட்பிரகாசம். “கொம்பனிச் சாமான். பிழையான சாமான்.”

வீட்டில் அவர் சப்பாத்தும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இமெல்டா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“அவனுக்குப் பதினெட்டு வேலை செய்யுது. எனக்கு இருபது வேலை செய்யேல்லை. அது எப்பிடி?”

“ஆருக்குப் பதினெட்டு?” என்றாள் இமெல்டா. அவளும் சிவானந்தராசாவின் மனைவி நிரஞ்சினியும் ஒரே முதியோர் இல்லத்தில்தான் வேலை. “அந்தாளுக்கு ஜூனிலை கண்ணாடியின்ரை பவர் கூட்டினதெண்டு நிரஞ்சினி சொன்னவ. பழைய பிரேமுக்கை புது லென்ஸ். வயசு போயிட்டுதெண்டு சனம் கதைக்குமாம், ஒருத்தருக்கும் சொல்லாதையெண்டு அவவுக்குக் கட்டளை.”

அருட்பிரகாசம் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

சிவானந்தராசாவின் பிஸ்டலில் இருந்தது கொம்பனி ஸ்பிரிங்.