ஷிரீன் வீட்டுக் கேக்

எதிர்வீட்டில் பிறந்தநாள் பாட்டு கேட்டபோது என் மகள் தாமரை கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். பென்சில் நின்றது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை ஆகாது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்கள் தளத்தில் அவள் வயதுக்கு இருக்கிற ஒரே தோழி எதிர்வீட்டுப் பரீதாவின் மகள் ஷிரீன். ஆனால் தாமரைக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், என்று தெரிந்ததிலிருந்து எங்களை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இரக்கப்படுகிறவர்களிடம் என்ன சண்டை போடுவது? தாமரையின் அப்பாவுக்கு சிங்கப்பூரில் வேலை. போன் போட்டால் "சுகர் ரீடிங் எவ்வளவு?" என்பார், அத்தோடு சரி. மனம்விட்டுப் பேச எனக்கு ஆளில்லை.

கதவைத் தட்டினாள் பரீதா. கையில் ஒரு தட்டு நிறைய மீகூன் கோரேங் என்கிற வறுத்த அரிசிச் சேமியா, அவித்த முட்டை.

"பிள்ளைக்குன்னு தனியா எடுத்து வெச்சேங்க்கா. இனிப்பே இல்ல," என்று கொடுத்துவிட்டு நிற்காமல் போனாள். மீகூனும் உள்ளே போனால் சர்க்கரைதான், அதற்கும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். யாரிடம் சொல்ல?

வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது அக்கம்பக்கத்து வழக்கம். மீகூனை வேறு பாத்திரத்தில் மாற்றி வைத்துவிட்டுத் தட்டைக் கழுவினேன். வைத்துக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை. ஊசிப் பையை எடுத்துக்கொண்டு தாமரையின் கையைப் பிடித்தேன்.

"தட்டோட இவளையும் கொண்டாந்திருக்கேன்," என்றேன் பரீதாவிடம். "ஒரு துண்டு கேக் கொடு."

அவள் திகைத்துப்போனாள். "சாப்பிடலாமாக்கா? பாத்தா ஏங்கும்னுதான்லா கூப்பிடல..."

"கணக்குப் பாத்து ஊசி போட்டா தாராளமா சாப்பிடலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ."

கேக் வந்தது. துண்டின் அளவைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். தாமரை தானே சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"வலிக்குமா?" என்றாள் ஷிரீன்.

"எறும்பு கடிச்ச மாதிரி," என்றாள் என் மகள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஜெயித்துவிட்டது போல இருந்தது.

ஆனால் மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் தின்று முடித்து, விரலை நக்கிக்கொண்டு, பலூனோடு வெளியே ஓடினார்கள். ஷிரீன் வாசலில் திரும்பிப் பார்த்தாள். யாரோ கூப்பிட்டதும் அவளும் ஓடிவிட்டாள்.

நான் "சாப்பிடும்மா" என்றபோது மேசையில் தாமரை மட்டும்தான் இருந்தாள்.

கரண்டியை எடுத்தாள், வைத்தாள். "எனக்கு வேணாம்மா. வீட்டுக்குப் போலாம்."

"இல்லம்மா. ஊசி போட்டாச்சுல்ல. சாப்பிட்டே ஆகணும்."

சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவாள். அது அவளுக்கும் தெரியும். அழுதுகொண்டே ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். தட்டு காலியாகும்வரை நான் கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே நின்றேன்.