சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பாக்கி

கேண்டீனுக்குக் கிரேன்காரர் கட்ட வேண்டிய பாக்கி நாலாயிரத்து முந்நூற்று எண்பது. தின்ற பாக்கி என்றால் மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டியிருப்பார். இது தின்னாத பாக்கி. எழுபத்து மூன்று நாள் அந்தக் கேண்டீன் பக்கமே தலைவைத்துப் படுக்காததற்கு, நாளொன்றுக்கு அறுபது வீதம் தீட்டியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, சம்பள ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கணக்கர் சீட்டை வெளியே தள்ளினார்.

"இதைக் கட்டிட்டு வாங்க. பாக்கி இல்லைன்னு கேண்டீன்ல எழுதி வாங்கிட்டு வந்தாத்தான் கேபின் அனுமதியில முத்திரை விழும்."

"கொழுப்பு குறைஞ்சா முத்திரைன்னீங்க. குறைஞ்சிருச்சு. டாக்டரம்மா கையெழுத்து இதோ இருக்கு."

"அது ரத்தக் கணக்கு. இது சோத்துக் கணக்கு."

"நான்தான் திங்கவே இல்லையே!"

"அதுக்குத்தானே பாக்கி," என்றார் கணக்கர், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. "தின்னா உங்க சம்பளத்துல முப்பது, கம்பெனி முப்பது. திங்கலைன்னா கம்பெனி போடாது. ஆக்கின சோறு ஆக்கினதுதானே? மொத்த அறுபதும் உங்க தலையில. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க. இல்லைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து கீழே."

கீழே என்றால் துடைப்பம். கிரேன் உச்சியில் இருக்கிற கேபினுக்கு அனுமதி இல்லாதவனை யார்டு கூட்டுவதற்குத்தான் அனுப்புவார்கள். சம்பளம் பாதி. அந்தப் பாதியில் வாடகையைக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை உள்ளங்கையில் வைத்து ஊதிவிடலாம்.

கிரேன்காரருக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் வரிசையில் நின்றவன் முதுகில் தட்டினான். சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு நகர்ந்தார்.

இந்த ரத்தக் கூத்து ஆரம்பித்ததே மூன்றாம் நம்பர் கிரேன்காரரால்தான். போன வருஷம், ஒரு கட்டு இரும்புக்கம்பி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, அவர் கேபினிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரைக் கீழே இறக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கம்பெனி கூட்டம் போட்டது. கயிற்றைச் சோதித்தார்கள், கொக்கியைச் சோதித்தார்கள், கடைசியில் கேபின்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்கள் தின்கிற தட்டைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லை.

நம் கிரேன்காரருக்குக் கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. மூன்று மாதத்தில் நூற்று முப்பதுக்குக் கீழே கொண்டுவந்தால் கேபின், இல்லாவிட்டால் துடைப்பம் என்று கெடு வைத்தார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. வழவழ தாளில் அச்சடித்த ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினாள். வெள்ளைத் தட்டில் சிவப்பாக ஒரு கடல்மீன், பக்கத்தில் பச்சை பாட்டிலில் எண்ணெய், ஒரு கிண்ணம் பாதாம், ஓடிக்கொண்டே சிரிக்கிற ஒரு ஜோடி.

"இந்த மீன் என்ன விலை இருக்கும்மா?" என்று கேட்டார் கிரேன்காரர்.

அவள் படத்தைப் பார்த்தாள், அவருடைய சட்டையைப் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பேனாவால் எழுத ஆரம்பித்தாள்.

"அதை விடுங்க. எண்ணெய்ல பொரிச்சது எதுவும் வேண்டாம். கோழின்னா தோலை உரிச்சிட்டு. பயறு, ஓட்ஸ், காய், பழம். சிகரெட்டை நிறுத்துங்க. தினமும் அரைமணி வேகமா நடங்க."

"நடக்கறதா? இருபது வருஷம் மூட்டை தூக்கி நடந்திருக்கேம்மா. அதைக் கழிச்சுக்கக் கூடாதா?"

"அது செலவாயிருச்சுங்க. இப்ப என்ன வேலை?"

"கேபின்ல. ஆறு வருஷமா."

"உக்காந்தா?"

கிரேன்காரருக்குக் கேள்வி சுருக்கென்று தைத்தது. சுமை தூக்கின காலத்தில் நாலு ஆள் சாப்பாடு தின்பார். சாயங்காலத்துக்குள் அது வியர்வையாகிவிடும். கேபினுக்கு ஏறியபோது ஆள் மட்டும்தான் ஏறினார். பசி கீழேயே நின்று மூட்டை சுமந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஆனால், கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டுகிற கொக்கிக்காரன் கேண்டீன் சாப்பாட்டை ஒரு வாளியில் கட்டிவிடுவான். அவர் கயிற்றை இழுத்து மேலே எடுத்துக்கொள்வார். பொரித்த கிழங்கு, பொரித்த மாவுருண்டை, தோலோடு பொரித்த கோழி. மேலே ஒரு கரண்டி எண்ணெய் மிதக்கும். இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். எண்பத்து நாலு படி.

கேண்டீன் காண்ட்ராக்டருக்கு யார்டில் மாமனார் என்று பெயர். தட்டோடு நிற்கிறவனை விடவே மாட்டார். "இன்னொண்ணு போட்டுக்கங்க மாப்பிள்ளை, வெட்கப்படாதீங்க" என்று கரண்டியைக் கவிழ்ப்பார். அவருடைய வாணலி எண்ணெய் புதன்கிழமை பொன்னாக இருக்கும், சனிக்கிழமை தேநீராக இருக்கும், செவ்வாய்க்கிழமை கிரேன் சக்கரத்துக்குப் போடுகிற மசகு மாதிரி இருக்கும். அதையும் வடிகட்டி மறுநாள் லாரியில் வருகிற புது எண்ணெயோடு கலந்துகொள்வார்.

கெடு விழுந்த மறுநாளே கிரேன்காரரின் மனைவி நாலரை மணிக்கு எழ ஆரம்பித்தாள். அவளுக்குச் சலவைக் கூடத்தில் இஸ்திரி வேலை. ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அதற்குள் பயறு வேகும், காய் வேகும், கோழித்துண்டின் தோல் குப்பைக்குப் போகும். டப்பாவை முதல்முறை திறந்து பார்த்தவர் முகம் சுண்டிப்போனது.

"என்னடி இது, ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி இருக்கு?"

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கறதுக்குத்தான் ஆஸ்பத்திரிச் சோறு. வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க."

"வாயை மூடிக்கிட்டு எப்படித் திங்கறது?"

"பேச்சைப் பாரு! மூணாம் நம்பர்காரர் பொண்டாட்டி எங்க கூடத்துக்குத்தான் வேலைக்கு வந்திருக்கா. என் பக்கத்து மேசை. தினமும் அவ மூஞ்சியைப் பார்க்கறது நான். உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது வாரம் ஒருநாள் ஆசை தாங்காமல் கொக்கிக்காரன் தட்டிலிருந்து இரண்டு மாவுருண்டையை எடுத்து வாயில் போட்டுவிட்டார். வீட்டுக்குப் போனதும் அவள் சட்டையை மோந்து பார்த்தாள். சண்டை போடவில்லை. மறுநாள் நாலரைக்கு எழுந்து, வழக்கம்போல டப்பாவைக் கட்டி, அவர் கையில் கொடுக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. அன்றோடு மாவுருண்டையும் போயிற்று, இரண்டு நாள் கழித்துச் சிகரெட்டும் போயிற்று.

நடைக்கென்று முதல் நாளிலிருந்தே மத்தியானம் சாப்பிடக் கீழே இறங்கினார். எண்பத்து நாலு படி இறக்கம், யார்டைச் சுற்றி இரண்டு நடை, எண்பத்து நாலு படி ஏற்றம். முதல் வாரம் பாதிப்படியில் நின்று நாய் மாதிரி இரைத்தார். "அண்ணே, பிரசவ வலியா?" என்று கொக்கிக்காரன் கீழேயிருந்து கத்தினான். மூன்று மாதம் முடிந்தபோது நிற்காமல் ஏறினார். ரத்தத்தில் கொழுப்பு நூற்று இருபத்தேழு.

இவ்வளவுக்கும் பிறகு நாலாயிரத்து முந்நூற்று எண்பது.

சீட்டோடு நேரே மாமனாரிடம் போனார். கேண்டீன், கிடங்கின் மேல்மாடியில் இருந்தது. மாமனார் முக்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! இளைச்சுட்டீங்களே! அந்தப் பாக்கிதானே? அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன். இந்த நோட்டுல எழுபத்து மூணு இடத்துல கையெழுத்தைப் போட்டுருங்க, சாப்பிட்டேன்னு. கம்பெனி அதோட முப்பதைக் குடுத்துரும். நீங்க பாதி கட்டினாப் போதும். முழுசா ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறு மிச்சம். மாமன் சும்மா விடுவேனா?"

"நான் சாப்பிடலையே."

"யாருக்குத் தெரியும்?"

"என் பொண்டாட்டிக்குத் தெரியும்."

மாமனார் சிரித்தார். "அவங்க வந்து நோட்டைப் பார்க்கவா போறாங்க? இன்னொண்ணு மாப்பிள்ளை. உங்க கொழுப்பு குறைஞ்ச விஷயம் மேனேஜர் வரைக்கும் போயிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா, நம்ம கேண்டீன் சாப்பாட்டுலேயே குறைஞ்சுதுன்னு ஆகுமில்ல? அடுத்த மாசம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கறாங்க. உங்க போட்டோவைக்கூட மாட்டிரலாம்."

கிரேன்காரர் நோட்டைத் தள்ளிவிட்டார். எழுபத்து மூன்று விடியற்காலை. இருட்டில் எழுந்து, தூங்குகிறவரை எழுப்பாமல், பாத்திரம் சத்தம் போடாமல் வைத்து, வெந்த காயின் ஆவியில் முகம் வேர்த்து நின்ற எழுபத்து மூன்று விடியற்காலையையும் இந்த ஆள் ஒரு பேனாவால் தன் வாணலிக்குள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான்.

"மூணாம் நம்பர்காரர் போட்டோவை முதல்ல மாட்டுய்யா. உன் சோத்தை ஒருநாள்கூட விடாம தின்ன மனுஷன் அவருதான்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"அப்ப அறுபது கணக்குல முழுசா கட்டுங்க! ரூல்னா ரூல்!" என்று மாமனார் மேலேயிருந்து கத்தினார்.

மறுநாள் புதன்கிழமை, எண்ணெய் லாரி வந்தது. வாரம் நாலு டிரம். மேல்மாடிக்கு டிரம் ஏற்ற வேறு வழியில்லை. கிரேன்தான் தூக்கி வைக்க வேண்டும். ஆறு வருஷமாகக் கிரேன்காரர் ஒரு வாய்ச்சொல்லுக்குத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தன் நெஞ்சை அடைக்கிற சரக்கைத் தானே சுமந்து கொடுத்த லட்சணத்தை நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கொக்கிக்காரன் டிரம்முக்குக் கயிறு போட்டுவிட்டு, விரலைச் சுழற்றி 'தூக்கு' என்று சைகை காட்டினான். கொக்கி அசையவில்லை. மறுபடி சுழற்றினான். கிரேன்காரர் கேபின் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"தூக்குச் சீட்டு எங்கே?"

"என்னண்ணே, எண்ணெய் டிரம்முண்ணே!"

"வெளியாள் சரக்குக்குச் சீட்டு வேணும். ஒரு தூக்குக்கு நானூறு. படிக்குக் கீழே போர்டுல எழுதியிருக்கு, படிச்சுப் பாரு. ரூல்னா ரூல்."

கொக்கிக்காரன் ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, டிரம்மின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

மாமனார் மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் சொன்னது யார்டு முழுக்கப் பரவியது: "சீட்டுப் போட்டுத் தூக்கிக்க வேண்டியதுதானே? ஆமா, இத்தனை நாள் எப்படித் தூக்கினே?" அந்த இரண்டாவது கேள்வியில்தான் மாமனாருக்கு வியர்த்தது. தூக்குக்கு நானூறு, வாரம் நாலு தூக்கு, ஆறு வருஷம்.

டிரம்கள் வெயிலில் நின்றன. வியாழக்கிழமை வாணலி காய்ந்துபோய், கேண்டீனில் எல்லாம் வெந்ததாகவே வந்தது. சுமை தூக்குகிறவர்கள் கிரேன்காரரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். "உனக்குக் கொழுப்புன்னா எங்களுக்கும் பத்தியமாய்யா?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். கிரேன்காரர் அவனுக்குத் தன் டப்பாவிலிருந்து ஒரு கோழித்துண்டைக் கொடுத்தார். அவன் வாயில் போட்டு மென்று, "பரவாயில்லையே," என்றான், ஏசுவதை நிறுத்தாமலே.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் படியில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மாமனார், அக்குளில் நோட்டை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தார். பாதியில் நின்றார். முக்கால்வாசிப் படியில் உட்கார்ந்தார். கேபின் வாசலுக்கு வந்தபோது உதடு வெளுத்திருந்தது. வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை.

கிரேன்காரருக்கு மூன்றாம் நம்பர்காரர் நினைவு வந்தது. எழுந்து தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "மெதுவா. மெதுவாக் குடிங்க. நெஞ்சு வலிக்குதா?"

"இல்லை... மூச்சுதான்..." மாமனார் பாதித் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு குடித்தார். வெகுநேரம் கழித்து, "என்னய்யா இது, தினமும் இதுலயா ஏறுறே?" என்றார். 'மாப்பிள்ளை' என்ற சொல் எங்கோ வழியில் விழுந்துவிட்டது.

"தினமும் ரெண்டு தடவை. விஷயத்தைச் சொல்லுங்க."

"இனிமே வாரா வாரம் சீட்டுக் கட்டறேன். பழசை மட்டும் கிளறாதே."

"பழசுல தூக்கின கை என்னுது. நான் ஏன் கிளறப்போறேன்? என் பாக்கி என்ன ஆச்சு?"

மாமனார் நோட்டைத் திறந்தார். கிரேன்காரருடைய பக்கத்தை எடுத்து, நாலாயிரத்து முந்நூற்று எண்பதின்மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'தள்ளுபடி' என்று எழுதினார்.

"அதை அடிங்க."

"அடிச்சாச்சேய்யா!"

"அந்த வார்த்தையை அடிங்க. நீங்க பாவம் பார்த்துத் தள்ளிவிட்டதா இருக்கக் கூடாது. நான் சொல்றதை எழுதுங்க. எழுபத்து மூணு நாள் இவர் இங்கே சாப்பிடவில்லை. வீட்டுச் சாப்பாடு. பாக்கி இல்லை."

"வீட்டுச் சாப்பாடுன்னுமா?"

"அதுதான் முக்கியம்."

மாமனார் முனகிக்கொண்டே எழுதினார், கையெழுத்துப் போட்டார், தாளைக் கிழித்து நீட்டினார். கிரேன்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். 'வீட்டுச் சாப்பாடு' என்ற இடத்தில் இன்னொரு முறை படித்தார். மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, கீழே சம்பள ஆபீஸுக்குப் புறப்பட்டார். மாமனாரை முன்னால் இறங்கச் சொல்லி, அவர் கால் வழுக்காமல் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

ஜன்னலுக்குள் கணக்கர் தாளைப் புரட்டிப் பார்த்து, "வீட்டுச் சாப்பாடுன்னு ஒரு கணக்கே நம்மகிட்ட இல்லையே," என்று தலையைச் சொறிந்தார். கிரேன்காரர் நகராமல் நின்றார். கணக்கர் நாலாயிரத்து முந்நூற்று எண்பதைப் பேரேட்டிலிருந்து அடித்துவிட்டு, கேபின் அனுமதியில் முத்திரையைக் குத்தினார்.