கதவில்லாத அறைக்கு ஒரு மினுக்கு விளக்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் கிடைத்தது. கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறிக்கும்போது கதை கிடைத்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைத் தீயணைப்பு நிலையம். பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திச் செருகி விளையாடுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டியது. யாரோ உள்ளே குட்டிக் குட்டி விளக்குகளைப் பொருத்தியிருந்தார்கள். கூரை மேலிருக்கும் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கினால் சரி. அங்கே ஜன்னல், வாசல், வண்டிக் கொட்டகை எல்லாமே சேர்ந்து மினுக்கிக்கொண்டிருந்தன.

"யாரோ தப்பா மாட்டிட்டாங்க மேடம்," என்றாள் வரவேற்பில் இருந்த பெண், நான் கேட்காமலே. "சரி பண்ண ஆளே கெடைக்கல. பாத்துப் பாத்து எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்."

அந்த 'யாரோ'வைக் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பல்லைப் பிடுங்கியாயிற்று. ஆள் போகவில்லை.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

[விளக்கு என்பது தனிமையின்] வேண்டாம். இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.

[அவனுக்குப் பிள்ளை இல்லை, அதனால்தான் பொம்மை] இது அபாண்டம். பொம்மையைத் தொடுகிறவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு குறை இருந்தே தீர வேண்டுமா என்ன?

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.* மூன்றாம் மாடியில் ஒரு வீடு. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வந்தது என்று அவன் எல்லோரிடமும் சொல்கிறான். அவள் கேட்டு வாங்கிய மாற்றல் அது. முதலில் வாராவாரம் வந்தாள், அப்புறம் எப்போதாவது வந்தாள், அப்புறம் போன் மட்டும் வந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள், மிச்சமிருக்கும் சாமான்களை எடுத்துப் போக. தையல் மிஷின், இரண்டு பெட்டி துணி, அந்தத் தீயணைப்பு நிலையம். அதைக் கட்டியவள் அவள்தான். சாயங்காலங்களில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கட்டை கட்டையாகச் செருகுவாள். அவன் டிவி பார்த்துக்கொண்டிருப்பான். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது.

அவள் எடுத்துப் போவதற்குள் அதற்கு விளக்குப் போட்டுவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. வாசலில் நிற்கிறவள் விளக்கைப் பார்த்துவிட்டு உள்ளே வர வேண்டும். தோள்பையைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும். பையை வைத்துவிட்டால் உட்காருவாள், உட்கார்ந்தால் பேசலாம்.

(*'அவர்' என்றுதான் முதலில் எழுதினேன். தனியாக இருக்கிற ஆளுக்கு அது இரவல் சட்டை மாதிரி தொளதொளவென்று தொங்கியது. மாற்றிவிட்டேன்.)

3

எலக்ட்ரிகல் கடைக்காரர் அவனுக்குத் தலைமுடி கனத்தில் ஒயரும், மிளகு அளவில் பல்புகளும் கொடுத்தார்.

"ஜன்னலுக்கெல்லாம் சாதா பல்ப். கூரைக்கு மினுக்குற பல்ப். ரெண்டையும் ஒரே வரிசையில கோத்துடாதீங்க. ஒண்ணு கண்ணச் சிமிட்டினா எல்லாம் சேந்து சிமிட்டும்."

"நான் லிஃப்டுக்கே ஒயரிங் பண்றவன்ங்க."

"அதனாலதான் சொல்றேன்."

கேட்டானா? சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோத்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. லிஃப்டில் எல்லாக் கதவுகளும் ஒரே வரிசையில்தான் இருக்கும். எந்த மாடியில் எந்தக் கதவு சரியாக மூடாவிட்டாலும் லிஃப்ட் அப்படியே நின்றுவிட வேண்டும். அப்படியே கோத்துப் பழகிய கை அது.

சுவிட்சைப் போட்டான். தீயணைப்பு நிலையம் மொத்தமும் பக் பக்கென்று மினுக்கியது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தான். சிரித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினான். அங்கே யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாததா? ஆனாலும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

4

முதல் தடவை ஜன்னல் ஓரங்களை மட்டும் நெம்பி ஒப்பேற்றியிருந்தான்; தப்பைத் திருத்த வேண்டுமானால் நிலையத்தின் மாடியையே கழற்ற வேண்டும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், கட்டைத் தலையிலிருக்கும் குமிழ்களுக்கு இடையில்தான் ஒயர் ஓடுகிறது. குமிழ் மேல் வைத்து அழுத்தினால் அறுந்துவிடும். நகத்தால் நெம்பி, மாடித் தளத்தை அலுங்காமல் தூக்கினான்.

படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. நாலு பக்கமும் சுவர். கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. வெளிச்சுவர் முழுக்க ஒரே சிவப்பு, இந்தச் சுவர்களோ கைக்குக் கிடைத்த நிறத்தில் எல்லாம். உள்ளே ஒரு நாற்காலி போட்டு ஒரு பொம்மை ஆள் உட்கார்ந்திருந்தது. மற்ற ஆட்களெல்லாம் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வண்டிக் கொட்டகையில் நிற்கிறார்கள். இது மட்டும் வெறும் தலையோடு, சுவரைப் பார்த்தபடி. கட்டைகள் வந்த பெட்டி மேலிருந்த படத்தில் இப்படி ஓர் அறையே கிடையாது.

தளத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு சாயங்காலத்தில், அதே அறையில், நாலடி தள்ளி உட்கார்ந்து அவள் இதைக் கட்டியிருக்கிறாள்.

(லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் மெக்கானிக் முதலில் மிஷினைத் தொடக் கூடாது. கதவைத் தட்டி, "உள்ள யாரு இருக்கீங்க? பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். தொழிலில் அதுதான் முதல் பாடம். அவன் அதில் கெட்டிக்காரன். [வீட்டில் மட்டும் அவன் ஒருநாளும்] இது கொஞ்சம் அதிகம். அடைப்புக்குள்ளேயே கிடக்கட்டும்.)

இதுவரை எழுதியதை அக்காவுக்கு அனுப்பினேன். என் கதைகளைக் கடைசிவரை படிக்கிற ஒரே ஆள் அவள்தான். உடனே போன் வந்தது.

"அந்தப் பொம்மை அவதானேடி?"

"தெரியலக்கா."

"எழுதுற உனக்கே தெரியலன்னா எப்படி? அது போகட்டும். இருக்கிறவனையே சுத்திச் சுத்தி வரியே, போனவளுக்கு வாயே கிடையாதா?"

"போனவ பக்கம் எனக்குத் தெரியும்க்கா. தெரியாத பக்கத்தத்தான் எழுதிப் பாக்குறேன்."

அக்கா அந்தப் பேச்சை அங்கேயே விட்டாள். அப்புறம், "பல் பிடுங்கின எடம் வலிக்குதா?" என்று கேட்டாள். வலிக்கிறது என்று சொன்னேன்.

5

பெட்டியில் மிச்சக் கட்டைகளோடு ஒரு குட்டிக் கதவும் கிடந்தது. அதை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தான். அளவு கச்சிதமாகத்தான் இருந்தது. திரும்பவும் பெட்டியில் போட்டுவிட்டான். அவள் கட்டிய சுவரில் கதவு வைக்க அவன் யார்?

கடைசியில் இப்படிச் செய்தான். கூரைக்கென்று வாங்கிய மினுக்கு விளக்கைக் கழற்றி, அந்த அறைக்குள், அந்த ஆளின் தலைக்கு மேலே வைத்தான். தெரிந்தே, அதே வரிசையில் கோத்தான். மாடியை மூடினான். இனிமேல் அந்த விளக்கு வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அது அணைந்தால் வீடே அணையும், எரிந்தால் வீடே எரியும். பார்க்கிறவர்கள் யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள் என்பார்கள்.

இரண்டாம் பகுதியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஐந்தாம் பகுதியில் இவ்வளவு நுட்பம் எங்கிருந்து வந்தது என்று அக்கா கட்டாயம் கேட்பாள். தனியாக இருந்ததில் வந்தது. எனக்கும் அப்படித்தான் சிலது புரிந்தது, எல்லாம் முடிந்த பிறகு.

6

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வந்தாள்.

"கீழ வண்டி நிக்குதுங்க. சீக்கிரம் எடுத்துடறேன்."

"டீ போடட்டுமா?"

"வேணாம், குடிச்சிட்டுத்தான் வந்தேன்." சுற்றிலும் பார்த்தாள். "வீட்ட நல்லா வெச்சிருக்கீங்களே."

"கலைச்சுப் போட ஆள் இல்லையே."

அவன் சுவிட்சைப் போட்டான். அவள் துணிப் பெட்டியை விட்டுவிட்டு மேசைப் பக்கம் வந்து குனிந்தாள். முகத்தில் வெளிச்சம் வந்து வந்து போனது.

"லைட்டெல்லாம் போட்டிருக்கீங்களா! எப்போ உக்காந்து பண்ணீங்க?" பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, "ஏங்க, எல்லாமே மினுக்குதே. தப்பா மாட்டிட்டீங்களா?"

இங்கே இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) "ஆமா, தப்பாயிடுச்சு" என்கிறான். அவள் சிரிக்கிறாள். பத்திரமாகப் பொதிந்து கொடுக்கிறான், போகிறாள். வேறொரு வீடு மாறும்போது மாடி கழன்று விழுகிறது. அவள் பார்க்கிறாள். அதற்குள் அவனுடைய போன் எண்ணே மாறியிருக்கலாம்.

ஆ) "படிக்கட்டுக்குப் பின்னால ஒருத்தர் இருக்காங்கல்ல, லைட்டு அங்கதான் இருக்கு" என்கிறான். அவள் முகத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அழுகிறாள் என்பதுதான் அக்காவின் கட்சி. என்னைக் கேட்காமல் ஏன் திறந்தீர்கள் என்று கோபப்படுவாள் என்பது என் கட்சி. மூன்றாவதில் அவள் பையை மட்டும் தோளிலிருந்து [

அதை என்னால் முடிக்க முடியவில்லை. அவன் வாயில் நான் எதை வைத்தாலும், அது நான் ஒரு காலத்தில் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்க ஆசைப்பட்டதாகத்தான் இருக்கும். எனக்கு யாரும் சொல்லாததை இட்டுக்கட்டி அவளுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் கேட்டுவிட்டு நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் வாயைத் திறந்துவிட்டான். நீங்களாவது சொல்லிக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், கீழே வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.